வடக்கு வீட்டு ஆணி

எழும்பூர் மியூசியத்தின் மானுடவியல் கூடத்துக்குள் நுழைந்து நாலு அடி வைப்பதற்குள் அந்துருண்டை வாசனை மூக்கில் ஏறியது, அதோடு பழைய மரம், பழைய துணி, காலையில் யாரோ தரையைத் துடைத்துவிட்டுப் போன பினாயில், எல்லாம் கலந்த அந்த வாடையில் நான் அப்படியே நின்றுவிட்டேன், பேத்தி என் கையைப் பிடித்து இழுத்து, "தாத்தா, பேய் பொம்மை எங்க?" என்றாள்.

அவளுக்குப் பதினொரு வயது. அன்னபெல் படத்தை அப்பனுக்குத் தெரியாமல் கைப்பேசியில் பார்த்தவள், பார்த்ததோடு நிற்காமல், அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் வாரன் என்ற தம்பதி பேய் பிடித்த சாமான்களை எல்லாம் தங்கள் வீட்டின் நிலவறையில் சேர்த்து மியூசியமாக வைத்திருந்த கதையையும், நிஜமான அன்னபெல் படத்தில் வருவது போலப் பீங்கான் முகம் கொண்டது இல்லை, சிவப்பு நூலில் தலைமுடி வைத்துத் தைத்த சாதாரணத் துணிப் பொம்மை, அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடைத்து 'திறக்காதீர்கள்' என்று எழுதி வைத்திருந்தார்கள் என்பதையும், லாஸ் வேகஸில் 2017-இல் இன்னொருவர் இதே மாதிரி ஒன்றைத் திறந்து டிக்கெட் போட்டுக் காட்டுகிறார் என்பதையும் ஒரு வாரமாக எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில், "நம்ம ஊர்ல அந்த மாதிரி எதுவும் இல்லையா?" என்று கேட்டாள். அந்தக் குரலில் நம் ஊரைப் பற்றி ஓர் இரக்கம் தெரிந்தது, அது பொறுக்காமல், "ஏன் இல்ல, எழும்பூர்ல இருக்கு, உங்க அன்னபெல்லுக்கு எல்லாம் பாட்டி" என்று சொல்லிவிட்டேன், அப்படிச் சொன்னதால் ஒரு சனிக்கிழமை அம்பத்தூரில் மின்சார ரயில் ஏற வேண்டியதாயிற்று.

அந்துருண்டை வாசனை எனக்கு முதலில் மியூசியத்தின் வாசனை இல்லை, ஆயாவுடைய டிரங்குப் பெட்டியின் வாசனை. கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் தவிர திறக்காத பெட்டி அது, உள்ளே அரக்கு நிறக் கூரைப்புடவை, தாத்தாவின் கம்பளிக் கோட்டு, துணியில் சுற்றிய நிலப் பத்திரம், நடுநடுவே கரைந்து பட்டாணி அளவுக்குச் சிறுத்துப்போன வெள்ளை உருண்டைகள். இது தவிர வருஷத்தில் ஒரே ஒரு நாள், காணும் பொங்கலன்று, பெட்டி திறக்கும், ஆயா அந்தப் புடவையை உடுத்திக்கொண்டு, மஞ்சப்பையில் புளிச்சோற்றுப் பொட்டலங்களோடு, என்னையும் இழுத்துக்கொண்டு கரி எஞ்சின் ரயிலில் பட்டணம் போவாள். போகிற இடங்கள் இரண்டு, ஒன்று செத்த காலேஜ், இன்னொன்று உயிர் காலேஜ். மியூசியத்துக்கும் மிருகக்காட்சி சாலைக்கும் சென்னை ஜனங்கள் வைத்த பெயர் அது. 1851-இல் மியூசியம் தொடங்கியது நுங்கம்பாக்கத்தில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி இருந்த கட்டடத்தில், அதனால் அது காலேஜ் ஆயிற்று, பின்னால் எழும்பூர் பாந்தியன் தோட்டத்துக்கு மாறிய பிறகும் பெயர் கூடவே வந்தது, முதல் பொறுப்பாளரான டாக்டர் பால்ஃபர் அந்தத் தோட்டத்திலேயே புலியும் சிறுத்தையுமாகச் சில மிருகங்களையும் கட்டி வைக்க, செத்தது ஒரு காலேஜ், உயிரோடிருப்பது ஒரு காலேஜ் என்று ஜனங்கள் பிரித்துக்கொண்டார்கள். உயிர் காலேஜ் மூர் மார்க்கெட் பக்கம் போய், அங்கிருந்து 1985-இல் வண்டலூருக்கும் போய்விட்டது, மூர் மார்க்கெட்டும் அதே வருஷம் எரிந்து அந்த இடத்தில் இப்போது புறநகர் ரயில் நிலையம் நிற்கிறது, செத்தது மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

1969-ஆம் வருஷத்துக் காணும் பொங்கல் என்று நினைக்கிறேன், எனக்கு எட்டு வயது, கூடத்துக்குள் காலை வைத்ததும் வந்த வாசனையில், ஆயாவின் புடவை வாடைதான் இத்தனை பெரிய கட்டடம் முழுக்கப் பரவிவிட்டதாக நினைத்து, அவளைப் பெருமையோடு அண்ணாந்து பார்த்தது ஞாபகம் இருக்கிறது. வெண்கலச் சிலைகள் இருந்த கூடத்து வாசலில் அவள் செருப்பைக் கழற்றினாள், காவலாளி சிரித்துக்கொண்டே, "போட்டுக்கினே போ ஆயா" என்றபோது, "உள்ள சாமி கீது, நீ சொல்லிட்டா ஆச்சா?" என்று கேட்டுவிட்டு, இரண்டு செருப்பையும் மஞ்சப்பைக்குள் புளிச்சோற்றுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள். திமிங்கல எலும்புக்கூட்டை அவள் மதிக்கவில்லை, பாட்டில் பாம்புகளைப் பார்த்து உச்சுக்கொட்டினாள், ஆனால் யானைத் தலை போலச் செதுக்கிய ஒரு மரக் கம்பத்தின் முன்னால் நின்றவள், நகரவே இல்லை.

எனக்கு அப்போது இங்கிலீஷ் படிக்கத் தெரியாது, பக்கத்தில் நின்ற காலேஜ் பையன் ஒருவன்தான் படித்துச் சொன்னான். கஞ்சம் மலைப் பக்கத்துக் கோந்த மக்கள் நிலம் விளைய வேண்டும் என்று மனிதனைப் பலி கொடுத்த மேரியாச் சடங்கின் கம்பம் அது, அந்த யானைத் தலை கம்பத்தின் மேல் சுழலும், தும்பிக்கையில் ஆளைக் கட்டிவிடுவார்கள், வெள்ளைக்காரன் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதை நிறுத்திய பிறகு மனிதனுக்குப் பதில் எருமை வந்தது, இந்தக் கம்பம் பலிகுடாவிலிருந்து பட்டணத்துக்கு வந்தது. ரத்தம் சிந்தாவிட்டால் வயலில் மஞ்சள் நிறம் பிடிக்காது என்று அந்த மக்கள் நம்பினார்கள் என்பதை நான் பிற்பாடு படித்தேன், அன்றைக்கே தெரிந்திருந்தால் ஆயாவிடம் சொல்லியிருக்கலாம், அவளுக்குப் புரிந்திருக்கும், எங்கள் வாசலில் அமாவாசைக்கு அமாவாசை குங்குமம் கரைத்து ஊற்றிப் போட்டு உடைத்த பூசணிக்காய் எந்தக் கழுத்துக்குப் பதிலாக உடைகிறது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான், "இத்த எதுக்குடா இங்க கொண்ணாந்து நட்டு வச்சிக்கீறாங்க? ஆத்துல வுட வேண்டியதாச்சே. வுட வேண்டியத வச்சிக்கினா வச்சிக்கினவனத்தான் புடிக்கும்."

அந்தக் கூடத்தில் இருந்த பொருள்களுக்குப் பின்னால் எட்கர் தர்ஸ்டன் என்ற ஒரு மனிதர் இருந்தார் என்பது, வளர்ந்த பிறகு, அதே வளாகத்தில் கன்னிமாரா நூலகத்தில் உட்கார்ந்து படித்தபோது தெரிந்தது. 1885 முதல் 1908 வரை மியூசியத்துக்குக் கண்காணிப்பாளராக இருந்தவர், தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றி ஏழு தொகுதி எழுதியவர், அளவுகோலும் இடுக்கியுமாக மலைமலையாக ஏறி ஜனங்களின் மண்டையையும் மூக்கையும் அளந்தவர், வயநாட்டுப் பணியப் பெண்கள் தங்களில் லட்சணமானவர்களைப் பிடித்துப் பஞ்சு அடைத்துச் சென்னை மியூசியத்தில் நிறுத்தப்போகிறார் என்று பயந்தார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். சகுனங்கள், சூனியங்கள் பற்றி 1912-இல் வெளிவந்த அவருடைய புத்தகத்தில் ஒரு மரப்பெண் வருகிறாள். 1903-இல் கோழிக்கோட்டுக் கரையில் ஒதுங்கியவள், ஆளுயரம், நிர்வாணம், பாதம் இரண்டும் பின்னோக்கித் திரும்பியிருந்தது, ஏழிலைப்பாலை மரத்தில் செதுக்கி, தலையிலும் உடம்பிலும் கைகால்களிலும் நீள நீளமாக ஆணி அடித்து, தொப்புளுக்கு மேலே சதுரமாக ஒரு ஓட்டை வெட்டி, மேலெல்லாம் அரபு எழுத்தில் கிறுக்கியிருந்தார்கள். யாரையோ பிடித்த ஆவியை அதில் இறக்கிக் கடலில் விட்டிருப்பார்கள், லட்சத் தீவுக்காரர்கள் வேலையாக இருக்கும் என்று ஒரு யூகம். யட்சி குடியிருக்கும் மரம் என்று மலையாளத்தார் சொல்லும் ஏழிலைப்பாலையைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள், மரத்தின் தாவரவியல் பெயர் வரை தர்ஸ்டன் குறித்திருக்கிறார், யாருக்காக அது செதுக்கப்பட்டதோ அந்தப் பெண்ணின் பெயர் மட்டும் கடலிலேயே தங்கிவிட்டது. அதைப் படித்த நாளிலிருந்து இந்தக் கட்டடத்துக்குள் எப்போது வந்தாலும் என் கண் ஆணி அடித்த ஓர் உடம்பைத் தேடும், அன்றைக்கும் தேடியது, என் கண்ணில் படவில்லை.

ஆணி என்றால் எனக்கு ஞாபகம் வருவது எங்கள் வீட்டு வாசற்படி. அம்பத்தூர் அப்போது ஏரிப் பாசன ஊர், தொழிற்பேட்டை வந்த புதிது, ஒரு பக்கம் நெல், மறு பக்கம் லேத் பட்டறை, காற்று ஏரியிலிருந்து அடித்தால் சேற்று வாசனை, திரும்பி அடித்தால் கட்டிங் ஆயில் வாசனை. ஆயாவின் நிலத்தில் பாதி பேட்டைக்குப் போய், அதற்கு வந்த பணத்தைப் பிரிப்பதில் பங்காளி வீட்டோடு மனத்தாங்கல், அந்த வீடு எங்களுக்கு வடக்கே இரண்டு வீடு தள்ளி இருந்தது, தாத்தாவுடைய தம்பி குடும்பம், அதுவரைக்கும் அங்கே கொதிக்கிற குழம்பு இங்கே கிண்ணத்தில் வந்துகொண்டிருந்தது. 1970-இல் மாடு கன்று போட்டுச் செத்தது, கிணறு வற்றியது, ஆயாவுக்கு ராத்தூக்கம் போயிற்று, விளக்கைத் தணித்து வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலையை நரம்பு கிள்ளிக் கிள்ளி மடியில் குவிப்பாள், வாயில் போட மாட்டாள். திருவேற்காட்டுக்கு வேண்டிக்கொண்டாள், கருமாரி அம்மனுக்குக் கூழ் ஊற்றினாள், ஒன்றுக்கும் கேட்காமல் போனபோது பூந்தமல்லிப் பக்கத்திலிருந்து வைப்பு எடுக்கிற கிழவர் ஒருவரைக் கூட்டிவந்தார்கள்.

சுருட்டு நாற்றமும் விபூதி வாசனையும் சேர்ந்து வீசும் மெலிந்த மனிதர், வேட்டியை மடித்துக் கட்டி, கையில் ஒரு எலுமிச்சம்பழத்தை உருட்டிக்கொண்டே வீட்டை மூன்று சுற்று வந்தார், வாசற்படி ஓரத்தில் பழம் நின்றது, அங்கே முழங்கை ஆழம் தோண்டச் சொன்னார், தோண்டியவன் ஒதுங்கிக்கொள்ள, அவரே குழிக்குள் கையை விட்டுத் துழாவி ஒரு சின்னக் கலயத்தை எடுத்தார். உள்ளே கறுப்புத் துணிப் பொம்மை, கொஞ்சம் முடி, சுருட்டிய செப்புத் தகடு, ஏழு ஆணி. யார் வைத்தது என்று அவர் சொல்லவில்லை, "வடக்கு, ரத்த சொந்தம்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆயாவின் முகத்தைப் பார்த்தார், பெயரை ஆயாதான் சொன்னாள். இருபத்தோரு ரூபாயும் ஒரு சேவலும் வாங்கிக்கொண்டு, கலயத்தை ஏரியில் விட அவர் மஞ்சள் துணியில் கட்டும்போது ஓர் ஆணி உருண்டு என் காலடிக்கு வந்தது, யாரும் பார்க்கவில்லை, நான் அதன்மேல் மிதித்துக்கொண்டு நின்றேன்.

அப்பா சைக்கிள் கம்பெனியில் ஃபிட்டர். ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தவரிடம் ஆணியைக் காட்டினேன், ஈரக் கையாலேயே வாங்கி, தெருவிளக்கு வெளிச்சத்தில் சாய்த்து, தலைக்குக் கீழே நகத்தால் தேய்த்துப் பார்த்தார். "இங்க சின்னச் சின்னதா வரி தெரியுதா? கம்பிய மிஷின் கவ்விப் புடிச்ச தடம் இது. மண்ணுல கெடந்த ஆணியாடா, துருவே இல்ல. கடையில நேத்து வாங்கினது" என்றார். உள்ளேயிருந்து குறட்டை கேட்டது, மாசக்கணக்காகத் தூங்காத ஆயா தூங்கிக்கொண்டிருந்தாள். அப்பா கொஞ்ச நேரம் அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டு நின்றார், பிறகு ஆணியை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடி, "ஆயாகிட்ட சொல்லாத" என்றார். நானும் சொல்லவில்லை. ஆயா அதற்குப் பிறகு பதினான்கு வருஷம் நன்றாகத் தூங்கினாள், வடக்கு வீட்டிலிருந்து குழம்பு வருவது நின்றது, அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு நாங்கள் போகவில்லை, எங்கள் வீட்டுச் சாவுக்கு அவர்கள் வரவில்லை, ஆயா அவர்கள் பெயரைச் சொல்வதையே விட்டு 'வடக்கு வூடு' என்று ஆக்கி, பிறகு அதையும் விட்டு, அந்தத் திசைப் பக்கம் தாடையை மட்டும் காட்டுவாள்.

தூக்கம் வந்ததற்கு நேர்த்திக்கடன் என்று அந்தச் சித்திரையில் திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலுக்கு என்னைக் கூட்டிப்போனாள். லிங்கத்தின்மேல் பூசியிருக்கும் சந்தனக் காப்பைக் களைகிற சதய நாள் அது, தொண்டைமானின் யானைக் காலில் முல்லைக்கொடி சிக்க, அவன் கொடியை வாளால் வெட்ட, வெட்டு அடியிலிருந்த லிங்கத்தில் பட்டது, அந்தக் காயத்துக்காகத்தான் வருஷம் முழுக்கச் சந்தனம் என்று சொல்வார்கள். கூட்டத்தில் வேர்வையும் கற்பூரமும் சந்தனமும் மூச்சை அடைத்தது, எனக்குச் சாமி தெரியவில்லை, தெரிந்தது சன்னதி முன்னால் நின்ற இரண்டு வெள்ளெருக்குத் தூண்கள்தான். புதரில் முளைக்கிற எருக்கு தூண் பருமனுக்கு வளருமா என்று வாயைப் பிளந்தவனிடம் ஆயா கதை சொன்னாள், புழல் கோட்டைக் குறும்பர்களைத் தொண்டைமான் ஜெயித்து, அவர்கள் கோட்டையில் இருந்ததைப் பிடுங்கிவந்து இங்கே நட்டானாம். சொல்லிவிட்டுத் தூணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், பிறகு, "தோத்தவன் வூட்டு வாசக்காலு" என்று முணுமுணுத்தாள், அந்த முணுமுணுப்பில் பக்தியோடு வேறு ஏதோ ஒன்றும் இருந்தது. திரும்பும்போது ஒரு தூக்குச் சட்டியில் கோயில் புளியோதரை வாங்கி, வழக்கம்போல இரண்டு வீட்டுக்கும் போதுமான அளவு வாங்கிவிட்டதை ஸ்டேஷனுக்கு வந்த பிறகுதான் கவனித்து, பாதியைப் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கொடுத்தாள்.

பேத்தி இதற்குள் கூடத்தை ஒரு சுற்று முடித்துவிட்டாள். கண்ணாடிக்கு உள்ளே வரிசையாக ஆயுதங்கள், முகமூடிகள், பாசிமணிகள், ஒவ்வொன்றின் கீழும் சீட்டு, குழல் விளக்கு எதன்மேலும் நிழல் விழ விடாமல் ஒரே சீராக எரிந்தது, "இதுல எதுக்குமே கதை இல்லையே தாத்தா" என்றாள். ஆக்ஸ்ஃபோர்டில் பிட் ரிவர்ஸ் மியூசியத்தில் வெள்ளிப் பூச்சுக் குப்பி ஒன்று இருக்கிறது, அதற்குள் சூனியக்காரி அடைபட்டிருப்பதாக 1915-இல் அதைக் கொடுத்த கிழவி சொன்னாள், வெளியே விட்டால் தொல்லைதான் என்றும் சொன்னாள், இன்று வரை யாரும் திறக்கவில்லை என்று பேத்தியைச் சமாதானப்படுத்தச் சொல்லிப் பார்த்தேன். "உள்ள இருக்கிறது யாரு?" என்றாள். எனக்குப் பதில் இல்லை. எங்கள் தெருவில் ஒரு முட்டை மந்திரித்து வைக்கப்பட்டால்கூட யார் வைத்தது, யாருக்கு வைத்தது, எந்த வரப்புத் தகராறுக்கு வைத்தது என்று பால்காரர் முதற்கொண்டு சொல்வார்கள், இங்கே இருப்பவை எல்லாம் விலாசம் கிழிந்துபோன கடிதம் மாதிரி இருக்கின்றன, அமெரிக்கக்காரன் பெட்டியில் அடைத்திருக்கும் பேயும் யார் ஏவியது என்று தெரியாத பேய்தான், அதனால்தான் டிக்கெட் வாங்கியவர்களை எல்லாம் பயமுறுத்திக்கொண்டிருக்கிறது.

ரயிலில் அவள் தூங்கிவிட்டாள். வில்லிவாக்கம், கொரட்டூர், பட்டரவாக்கம், இறங்கினால் ஸ்டேஷன் வாசலில் பர்கர் கடை, புதிய அடுக்குமாடிகளின் கேட்டுகளில் அச்சடித்த கண்திருஷ்டி விநாயகர், ஒரே அச்சில் வார்த்த பிளாஸ்டிக் பூதமுகம் கடைக்குக் கடை, யாருடைய கண்ணுக்கு என்று கேட்டால் பொதுவாகத்தான் என்பார்கள். வடக்கு வீடு இருந்த இடத்திலும் ஐந்து மாடி எழும்பியிருக்கிறது, அவர்களில் ஒருவர் கீழ்த்தளத்தில் இருக்கிறார், என் வயதுதான், காலையில் பால் வாங்கும்போது எதிரே வருவார், இருவரும் ஒரே நேரத்தில் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிவோம்.

ஏமாற்றத்தோடு படுக்கப்போனவளைக் கூப்பிட்டு, பரணிலிருந்து பிஸ்கட் டப்பாவை இறக்கி, ஆணியை அவள் கையில் வைத்தேன். அன்றைக்குத் துருவே இல்லாமல் இருந்த ஆணி, ஐம்பது வருஷத்துக்கு மேல் அம்பத்தூர்க் காற்றில் கிடந்து செதில் செதிலாகத் துருப்பிடித்து, அப்பா காட்டிய வரியெல்லாம் அழிந்து, மண்ணுக்குள்ளிருந்து எடுத்தது என்று யார் சொன்னாலும் நம்புகிற மாதிரி ஆகியிருந்தது. கலயம், பொம்மை, முடி என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன், அவள் கண் பெரிதாகிக்கொண்டே வந்தது, சினிமாவுக்கு விரிகிற மாதிரி இல்லை.

"யாரு தாத்தா வச்சது?"

பெயர் வாய் வரைக்கும் வந்தது, இந்த வீட்டில் யாரும் உச்சரிக்காத பெயர்.

"யாரும் வைக்கல," என்றேன். "கடையில வாங்கினது. அந்தக் கிழவரு மடியில இருந்திருக்கும்."

குழல் விளக்குக்குப் பின்னாலிருந்து பல்லி சொன்னது. ஆயா இருந்தால், நிசம்தான், பல்லி சொல்லிட்டுது பாரு என்பாள். என் விரல் தன்பாட்டுக்குத் தரையை மூன்று முறை தட்டியது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேத்தியும், ஆணியை மற்றொரு கையில் மாற்றிக்கொண்டு, தட்டினாள்.